மேற்குத் தொடர்ச்சி மலையின் பண்டைய மலைவழிகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் பண்டைய மலைவழிகள் என்பன, தமிழகச் சமவெளியையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்த, வண்டிச் சாலைகளுக்கு முற்பட்ட நடைபாதைகளையும் பொதிவிலங்குப் பாதைகளையும் குறிக்கும். வேட்டை, தேன் சேகரிப்பு, மேய்ச்சல், வணிகம், படையெடுப்பு, வழிபாடு ஆகிய தேவைகளுக்காக மக்கள் இவற்றைப் பயன்படுத்தினர். இவற்றுள் சில இன்று தேசிய நெடுஞ்சாலைகளாகவும் இருப்புப்பாதைகளாகவும் மாறியுள்ளன. சில கோயில்களுக்குச் செல்லும் பாதைகளாக மட்டும் எஞ்சியுள்ளன. பல காட்டில் மறைந்துவிட்டன. இக்கட்டுரை பாலக்காட்டுக் கணவாய்க்கும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கும் இடைப்பட்ட வழிகளை, குறிப்பாக விருதுநகர் மாவட்டத்தின் திருவில்லிபுத்தூர், இராசபாளையம், வத்திராயிருப்பு, மகாராஜபுரம் ஆகிய மலையடிவார ஊர்களை ஒட்டிய வழிகளை விளக்குகிறது.

சொற்கள்

வழியைக் குறிக்கத் தமிழில் பல பழஞ்சொற்கள் உள்ளன. ஆறு, நெறி, அதர், சுரம் ஆகியவை சங்க நூல்களில் காணப்படுபவை. அதர் என்பது பெரும்பாலும் காட்டிலும் மலையிலும் செல்லும் ஒடுங்கிய வழியையும், சுரம் என்பது நீரற்ற கடினமான வழியையும் குறிக்கின்றன. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் பெயரே 'வழிப்படுத்துதல்' என்ற பொருளில் அமைந்ததாகும். இரு மலைகளுக்கு இடைப்பட்ட தாழ்வான கடவை கணவாய் எனப்படும். பொதியேற்றிச் செல்லும் வணிகக் கூட்டம் சாத்து என்றும், வணிகர் தங்கும் இடம் தாவளம் என்றும், வழியில் வாங்கப்பட்ட சுங்கம் உல்கு என்றும் அழைக்கப்பட்டன.

நில அமைப்பு

மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 1,600 கி.மீ. நீளம் கொண்டது. இதன் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர் உயரமுடையது. நீண்ட மதில் போன்ற இம்மலையைக் கடக்க இயற்கை அளித்துள்ள பெரிய வாயில்கள் மிகச் சிலவே. இவற்றுள் அகலமானது பாலக்காட்டுக் கணவாய் ஆகும். சுமார் 30 முதல் 40 கி.மீ. வரை அகலமுள்ள இக்கணவாயில் மலையேற வேண்டிய தேவையே இல்லை. அடுத்து முக்கியமானது செங்கோட்டை - ஆரியங்காவுக் கணவாய். இது அச்சன்கோவில் பெயர்ச்சி மண்டலம் எனப்படும் பழமையான புவியோட்டுப் பலவீனப் பகுதியை ஒட்டி அமைந்துள்ளது. மலைத்தொடரின் தென்கோடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் உள்ளது.

இக்கணவாய்களைக் காற்றும் பயன்படுத்துகிறது. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே நுழைவதாலேயே குற்றாலத்தில் சாரல் காலம் ஏற்படுகிறது. ஆரல்வாய்மொழிக்கு அருகில் முப்பந்தலில் காற்றாலைகள் அமைக்கப்பட்டிருப்பதற்கும் இதுவே காரணம். பருவமழைக் காலத்தில் மலையோடைகள் பெருகுவதால் உயரமான வழிகள் ஆண்டு முழுவதும் பயன்படக்கூடியவை அல்ல. எனவே மலைப்பயணம் என்பது எப்போதும் பருவத்தைப் பொறுத்ததாகவே இருந்தது.

திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் மேற்கே அகன்ற கணவாய் ஏதுமில்லை. இங்கு மலை செங்குத்தாக எழுகிறது. இதன் கிழக்குச் சரிவின் ஓடைகள் வைப்பாற்றைச் சேர்கின்றன. வத்திராயிருப்புக்கு மேற்கே உள்ள முகட்டைக் கடந்தால் வைகை தோன்றும் வருசநாட்டுப் பள்ளத்தாக்கு வருகிறது. இராசபாளையம், சிவகிரிப் பகுதி மலைகளுக்கு அப்பால் பெரியாற்றின் தலைப்பகுதி உள்ளது. ஆகவே இப்பகுதியில் பொதி சுமந்த வணிகர் மலையை நேராகக் கடப்பதை விட, அடிவாரத்தை ஒட்டித் தெற்கே சென்று செங்கோட்டைக் கணவாயை அடைவதே எளிதாகும். நேரான வழிகள் பளியர், இடையர், வழிபடச் செல்வோர் ஆகியோரின் ஒற்றையடிப் பாதைகளாகவே அமைந்தன.

தடம் உருவாகும் விதம்

மலைவழியை ஒருவர் திட்டமிட்டு அமைப்பதில்லை. பலர் பலமுறை நடப்பதால் அது உருவாகிறது. எனினும் அதன் போக்கைச் சில காரணிகள் தீர்மானிக்கின்றன.

சரிவு: செங்குத்தான ஏற்றத்தை நேராக ஏறுவதை விட வளைந்து ஏறுவது குறைந்த ஆற்றலைக் கோரும். பொதி சுமக்கும் விலங்குகளுக்கு இது மேலும் முக்கியம்.

நீர்: கோடையிலும் வற்றாத ஊற்றுகளே தங்குமிடங்களைத் தீர்மானிக்கின்றன. வழி ஊற்றிலிருந்து ஊற்றுக்குச் செல்கிறது.

ஓடைக் கடவு: வெள்ளக் காலத்தில் கடக்க இயலாத ஓடையைத் தவிர்க்க, வழி மேலே ஏறி ஓடையின் ஒடுங்கிய பகுதியைத் தேடும்.

விலங்குத் தடம்: யானைக் கூட்டங்கள் அடர்ந்த காட்டிலும் தெளிவான தடங்களை ஏற்படுத்துகின்றன. மலைவாழ் மக்கள் இத்தடங்களையும் தம் நடைக்குப் பயன்படுத்துகின்றனர்.

அடையாளம்: தனிப்பாறை, பெருமரம், காவல் தெய்வத்தின் கல் ஆகியவை வழி தவறாமல் இருக்க உதவுகின்றன. எழுத்தில்லாத காலத்தில் இடப்பெயர்களின் வரிசையே வரைபடமாகும்.

தொல்லியல் சான்றுகள்

பாதை மண்ணில் தேய்ந்த கோடு மட்டுமே என்பதால், அதை நேரடியாக அகழ்ந்து காலம் அறிவது கடினம். எனவே அதன் ஓரத்தில் எஞ்சியுள்ள பொருள்களைக் கொண்டே ஆய்வாளர்கள் முடிவுகளை எட்டுகின்றனர்.

இராசபாளையத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையில் உள்ள மாங்குடியில் 2001-02ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. இங்கு நுண்கற்கருவிகளும், கறுப்பு-சிவப்பு மட்கலங்களும், தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடும் கிடைத்தன. வேட்டைச் சமூகக் காலம் முதல் எழுத்தறிவுக் காலம் வரை மலையடிவாரத்தில் மக்கள் வாழ்ந்தமையை இது காட்டுகிறது. வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் நுண்கற்கருவிகளுடன் பெருமளவில் சங்கு வளையல்களும் கிடைத்தன. கடற்பொருளான சங்கு உள்நாட்டில் இவ்வாறு குவிந்திருப்பது, மலையில் தொடங்கிக் கடலில் முடியும் வைப்பாற்றுச் சமவெளி ஒரு போக்குவரத்துப் பாதையாகவும் இருந்ததை உணர்த்துகிறது.

மலைமேல் கிடைக்கும் சான்றுகளுள் பெருங்கற்காலச் சின்னங்கள் முதன்மையானவை. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள மறையூரில் கல்திட்டைகள் பல காணப்படுகின்றன. இவற்றை உள்ளூர் மக்கள் முனியறை என்கின்றனர். மறையூர், உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறுக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ளது குறிப்பிடத்தக்கது. இத்தகைய சின்னங்கள் அமைந்த இடங்கள் பழைய வழிகளைக் காட்டக்கூடும். எனினும், ஈமச்சின்னம் இருக்குமிடமெல்லாம் வழி இருந்தது எனக் கொள்ள இயலாது.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்கள் கண்டறியப்பட்டன. இந்தியாவில் கிடைத்த எழுத்துள்ள நடுகற்களுள் இவை மிகப் பழமையானவை எனக் கருதப்படுகின்றன. அவற்றுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்த வீரனுக்கு எடுக்கப்பட்டதாகும். வைகைச் சமவெளிக்கும் மலைக்கும் இடையே ஆநிரைகள் ஓட்டிச் செல்லப்பட்டதற்கு இதை ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

வணிகத்துக்கும் சான்றுகள் உள்ளன. மதுரைக்கு அருகில் அழகர்மலைக் குகையில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உப்பு, துணி முதலிய பொருள்களை விற்ற வணிகர்களைக் குறிப்பிடுகின்றன. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலான கோவைப் பகுதியில் உரோமானிய நாணயக் குவியல்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. மேற்குக் கடற்கரைக்கு வந்த உரோமானியப் பொன்னும் வெள்ளியும் இக்கணவாய் வழியே கிழக்கே வந்ததை இவை காட்டுகின்றன.

சங்க இலக்கியத்தில் மலைவழிகள்

பெரும்பாணாற்றுப்படை, மிளகுப் பொதி சுமந்த கழுதைகளுடன் செல்லும் வணிகச் சாத்தையும், உல்கு வாங்கப்படும் பெருவழியையும், அதைக் காக்கும் வில் வீரர்களையும் விவரிக்கிறது. மிளகு மலையில் விளைவது. உப்பு கடற்கரையில் விளைவது. உப்பு வணிகரான உமணர், மேடு பள்ளங்களில் வண்டியின் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக மற்றோர் அச்சைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்றுப் பாடல் ஒன்று குறிப்பிடுகிறது. மிளகும் உப்பும் எதிரெதிர்த் திசையில் சென்றமையே பல வழிகளின் அடிப்படைக் காரணம் எனலாம்.

மலைப்பயணத்தை மிக விரிவாகக் கூறும் நூல் மலைபடுகடாம் ஆகும். இரணியமுட்டத்துப் பெருங்கௌசிகனார் இயற்றிய இந்நூல், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் செல்லும் கூத்தர்களுக்கு வழி கூறுவதாக அமைந்தது. வழுக்கும் பாறைகள், விலங்குகளைப் பிடிக்க வைத்த பொறிகள், பாம்புகள், யானை விரட்ட எறியப்படும் கவண் கற்கள், வழி பிரியுமிடத்தில் அடையாளம் இட்டுச் செல்லுதல் ஆகியவை இதில் பேசப்படுகின்றன. இந்நூல் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றியதன்று. ஆயினும் மலைவழி நடப்போர் எதை அஞ்சினர், எதை நம்பினர் என்பதை அறிய இது சிறந்த சான்றாகும். வழியில் இறந்தோரின் உடல்மேல் கற்களைக் குவித்த பதுக்கைகளைப் பற்றிப் பாலைத்திணைப் பாடல்கள் பல கூறுகின்றன.

முக்கிய வழிகள்

பாலக்காட்டு வழி: கொங்கு நாட்டையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்தது. கோவைக்கு அருகில் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டு ஒன்று இவ்வழியை இராசகேசரிப் பெருவழி எனக் குறிப்பிடுகிறது.

போடி வழி: போடிநாயக்கனூரிலிருந்து மலையேறும் வழிகள் ஏலமலைப் பகுதியை அடைகின்றன. இவற்றுள் குரங்கணி வழியாக ஏறும் பாதையை ஒட்டி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலையைக் கீழே இறக்கக் கம்பிவடப் பாதை அமைக்கப்பட்டது.

கம்பம் - குமுளி வழி: கம்பம் பள்ளத்தாக்கின் முடிவில் மலையேறிப் பெரியாற்றுப் பகுதியை அடைவது. மதுரையை நீங்கிய கண்ணகி வைகைக் கரை வழியே நடந்து சேர நாட்டு மலையை அடைந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. குமுளிக்கு அருகில் மலைமுகட்டில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்திரை முழுநிலவு நாளில் தமிழகப் பக்கமிருந்து பளியங்குடி வழியே மக்கள் நடந்து செல்கின்றனர்.

செங்கோட்டை - ஆரியங்காவு வழி: பாண்டிய நாட்டையும் கொல்லத்தையும் இணைத்தது. பந்தளம் அரச மரபினர் பாண்டிய நாட்டிலிருந்து மலை கடந்து வந்தவர்கள் என்பது அவர்களது குல மரபு. கொல்லம் - செங்கோட்டை இருப்புப்பாதை 1904இல் இக்கணவாய் வழியே திறக்கப்பட்டது. அதன் அகலப்பாதை மாற்றம் 2018இல் நிறைவடைந்தது. திருமங்கலத்திலிருந்து திருவில்லிபுத்தூர், இராசபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744 மலையடிவாரத்தை ஒட்டித் தெற்கே சென்று இக்கணவாயில் மேற்கே திரும்புகிறது.

சதுரகிரி வழி

வத்திராயிருப்பிலிருந்து மகாராஜபுரம் வழியாக மலையடிவாரத்திலுள்ள தாணிப்பாறையை அடையலாம். அங்கிருந்து சதுரகிரி சுந்தரமகாலிங்கம் கோயிலுக்கு ஏறும் பாதை, இப்பகுதியில் இன்றும் பயன்பாட்டிலுள்ள மலைவழிகளுள் முக்கியமானதாகும். மதுரை மாவட்டத்தின் சாப்டூர்ப் பக்கத்திலிருந்தும், தேனி மாவட்டத்தின் வருசநாட்டுப் பக்கத்திலிருந்தும் வேறு பாதைகள் இங்கு வந்து சேர்கின்றன. அதாவது சதுரகிரி ஒரு பாதையின் முடிவு மட்டுமன்று. வைப்பாற்றுப் பகுதியிலிருந்தும் வைகைப் பகுதியிலிருந்தும் வரும் பாதைகள் கூடும் சந்திப்பும் ஆகும். ஆடி அமாவாசை இங்கு பெரும் திருவிழாவாகும்.

இப்பாதையின் இடப்பெயர்கள் கவனத்துக்குரியவை. வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை ஆகியவை நடப்போருக்கு இடரை அறிவிக்கும் பெயர்கள். நாவல் ஊற்று நீர் கிடைக்குமிடத்தைக் காட்டுகிறது. சின்னப் பசுக்கிடை, பெரிய பசுக்கிடை ஆகியவை மாடுகளைக் கிடை அமர்த்திய இடங்களைக் குறிக்கின்றன. பிலாவடிக் கருப்பர் கோயில் பலாமரத்தையும் காவல் தெய்வத்தையும் ஒருசேர அடையாளமாக்குகிறது. கோயிலின் தலபுராணமும் பச்சைமால் என்னும் இடையரைப் பற்றியதாகும். இவற்றைச் சேர்த்து நோக்கினால், இன்று வழிபாட்டுப் பாதையாக அறியப்படும் இவ்வழி மேய்ச்சல் தடமாகவும் இருந்திருக்க வேண்டும் எனக் கருத இடமுண்டு. அடிவாரத்து மாடுகளைக் கோடையில் மலைப் புல்வெளிக்கு ஓட்டிச் செல்வது மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய பல ஊர்களில் இருந்த வழக்கமாகும்.

இம்மலையின் பாதைகளை நன்கறிந்தவர்கள் பளியர் பழங்குடியினர் ஆவர். கிழங்கு, தேன், மருந்துச் செடிகள் ஆகியவற்றைச் சேகரித்து வாழ்ந்த இவர்களின் குடியிருப்புகள் தாணிப்பாறை, செண்பகத்தோப்பு முதலிய அடிவார இடங்களில் உள்ளன. பளியரின் பாதைகள் ஊரிலிருந்து ஊருக்குச் செல்பவை அல்ல. அவை தேன் பாறைக்கும் கிழங்கு விளையும் சரிவுக்கும் பாறைக் குகைக்கும் செல்பவை. தொல்பழங்கால மனிதரின் நடமாட்டத்தை எண்ணிப் பார்க்க இத்தகைய வலையமைப்பே பொருத்தமான ஒப்புமையாகும்.

காதக் கற்கள்

இடைக்காலத்தில் பெருவழிகளில் தொலைவைக் காட்டும் கற்கள் நடப்பட்டன. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்கள் நாவல் தாவளத்துக்கு உள்ள தொலைவைக் காதக் கணக்கில் கூறுகின்றன. இக்கற்களில் தொலைவு எழுத்திலும் எண்ணிலும் பொறிக்கப்பட்டதுடன், சிறு குழிகளாலும் காட்டப்பட்டுள்ளது. எழுத்தறியாத வழிப்போக்கரும் குழிகளை எண்ணித் தொலைவை அறிந்துகொள்ள முடிந்தது. மலையின் ஒற்றையடிப் பாதைகளில் இத்தகைய கற்கள் இல்லை. அங்கு இடப்பெயர்களே அப்பணியைச் செய்தன.

காலக்கணிப்பில் உள்ள சிக்கல்

ஒரு மலைவழியை 'ஐயாயிரம் ஆண்டுப் பழமையானது' என்று கூறுவது எளிது. நிறுவுவது கடினம். அருகில் பெருங்கற்காலச் சின்னம் இருப்பது, அச்சின்னத்தின் காலத்தை மட்டுமே தருகிறது. அச்சின்னங்களின் காலமும் மாறி வருகிறது. சிவகளையில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு தமிழகத்தின் இரும்புக்காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை பின்னோக்கிக் கொண்டு செல்லும் அறிக்கையைத் தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் வெளியிட்டது. இலக்கியம் ஒரு வழியைக் குறிப்பிட்டாலும், அது இன்றுள்ள அதே தடம்தான் எனக் கூற இயலாது. மண்சரிவு, காட்டுத்தீ, தோட்டப் பயிர்கள் ஆகியவற்றால் தடங்கள் பலமுறை இடம் மாறியிருக்கும். பொதுவாகக் கணவாய் நிலையானது, தடம் மாறக்கூடியது எனக் கொள்வது பாதுகாப்பான முடிவாகும்.

இச்சிக்கல் உலகெங்கும் உள்ளது. இங்கிலாந்தின் ரிட்ச்வே என்னும் மலைமுகட்டு வழி நெடுங்காலம் தொல்பழங்காலப் பாதை என்று நம்பப்பட்டது. அது தொடர்ந்து பயன்பாட்டில் இருந்ததா என்பதைப் பிற்காலத் தொல்லியலாளர்கள் ஐயுற்றனர். அதே நாட்டில் சதுப்புநிலத்தில் புதைந்திருந்த சுவீட் டிராக் என்னும் மரப்பாதையின் காலமோ, மர வளையக் கணிப்பின்படி கி.மு. 3807-3806 எனத் துல்லியமாகத் தெரிகிறது. மரம் எஞ்சியதே இதற்குக் காரணம். ஆல்ப்சு மலையில் 3,210 மீட்டர் உயரத்தில் 1991இல் கண்டெடுக்கப்பட்ட ஏட்சி என்னும் மனித உடல் சுமார் 5,300 ஆண்டுகள் பழமையானது. பனிமலைக் கடவையையும் அக்கால மனிதர் கடந்தனர் என்பதற்கு அது நேரடிச் சான்றாகும். வெப்பமும் மழையும் மிகுந்த மேற்குத் தொடர்ச்சி மலையில் மரமும் உடலும் எஞ்சுவதில்லை.

கணினி வழி ஆய்வு

அண்மைக் காலத்தில் புவியியல் தகவல் முறைமைகளின் உதவியுடன் பழைய வழிகள் ஊகிக்கப்படுகின்றன. நிலப்பரப்பு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குச் செல்லும் 'செலவு' சரிவைக் கொண்டு கணிக்கப்படுகிறது. பின்னர் டைக்சுட்ரா 1959இல் வெளியிட்ட படிமுறை போன்றவற்றால் மிகக் குறைந்த செலவுள்ள பாதை கண்டறியப்படுகிறது.

நடைச் செலவுக்கு இரு விதிகள் பரவலாகப் பயன்படுகின்றன. 1892இல் நேய்சுமித் கூறிய விதிப்படி, 5 கி.மீ. நடைக்கு ஒரு மணி நேரமும், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரமும் ஆகும். இதன்படி 10 கி.மீ. நீளமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு மூன்று மணி நேரம் தேவை. 1993இல் தோப்ளர் அளித்த சார்பு, இலேசான இறக்கத்தில்தான் மனிதர் மிக வேகமாக நடக்கின்றனர் என்பதையும் கணக்கில் கொள்கிறது.

இம்முறைக்கு எல்லைகள் உண்டு. ஊற்று எங்கே உள்ளது, யானைகள் எப்போது வரும், எந்தப் பாறையை மிதிக்கக்கூடாது என்பன உயரத் தரவுகளில் இல்லை. ஆகவே கணினி காட்டும் பாதையை இடப்பெயர்களுடனும் மலைவாழ் மக்களின் அறிவுடனும் ஒப்பிட்டே பயன்படுத்த வேண்டும்.

இன்றைய நிலை

திருவில்லிபுத்தூர் மலைப்பகுதி 1988இல் நரை அணில் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2021இல் இது மேகமலையுடன் இணைக்கப்பட்டுத் திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் ஆனது. காட்டுயிர்ப் பாதுகாப்புக்காக மலைவழிகளில் நடமாட்டம் கட்டுப்படுத்தப்படுகிறது.

பழைய வழிகளில் இடர்கள் குறையவில்லை. 2011 சனவரியில் சபரிமலைக்குச் செல்லும் புல்மேடு வழியில் ஏற்பட்ட நெரிசலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2015 மே மாதம் சதுரகிரிப் பாதையில் திடீர் வெள்ளத்தில் வழிபடச் சென்றோர் சிலர் உயிரிழந்தனர். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிறு குழுக்கள், பருவமறிந்து, வழியறிந்தவர் துணையுடன் நடந்த தடங்களில் பெருங்கூட்டமும் வழியறியாதோரும் செல்லும்போது ஆபத்து பன்மடங்காகிறது.

மறுபுறம், காட்டை நம்பி வாழ்வோருக்குப் பாதை என்பது வாழ்வாதாரமாகும். சிறுவனப் பொருள்களைச் சேகரிக்கவும், மரபுவழியாகப் பயன்படுத்திய காட்டுப் பகுதிகளை அணுகவும் உள்ள உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்கிறது. புலிகளின் பாதுகாப்பையும் இவ்வுரிமையையும் இணைத்துச் செல்வது இப்பகுதியின் முக்கியமான கேள்வியாக உள்ளது.

நடக்காத பாதையை இரண்டு மூன்று மழைக்காலங்களில் காடு மூடிவிடும். நடப்பவர்கள் இல்லாதபோது பாறைகளின், ஊற்றுகளின், கிடைகளின் பெயர்களும் மறைகின்றன. எழுத்துச் சான்று இல்லாத வழிகளுக்கு இப்பெயர்களே எஞ்சியுள்ள ஆவணம் என்பதால், முதியோரிடமிருந்து இவற்றைக் கேட்டுத் தொகுத்து வரைபடத்தில் குறிப்பது இவ்வழிகளின் ஆய்வுக்கு இன்றியமையாததாகும்.